பீலித் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும்

அக்கரப்பத்தனைப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் என்பது ஓடுவது, குளிர்வது, அடி தெரிவது. மலைச்சரிவில் கசியும் ஊற்றை ஒரு குழாயில் பிடித்துவிட்டால் அதற்குப் பீலி என்று பெயர். கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு லயத்துக்குத் திரும்பும் பெண்கள் குடம் நிரப்புவதும் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதும் பீலியடியில்தான். டொரிங்டன், ஹோல்புறூக், கிளாஸ்கோ, வேவர்லி என்று பிரித்தானியப் பெயர்களைச் சூடிய தோட்டங்களின் இடுக்குகளில் இறங்கும் ஓடைகள் அக்கர ஓயாவில் சேர்கின்றன. அது கொத்மலை ஓயாவில் கலந்து, மகாவலியாகி, நாட்டின் பாதியைச் சுற்றிக்கொண்டு திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலை அடைகிறது.

இந்த மலைநீர் எவ்வளவு குளிர்ச்சியானது என்பதற்கு வெப்பமானி தேவையில்லை. 1880களில் பிரித்தானியர் தங்கள் தூண்டில் பொழுதுபோக்குக்காக நுவரெலியா வட்டாரத்து ஓடைகளில் ட்ரவுட் மீன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். ஐரோப்பாவின் குளிர்நீரில் வாழும் அந்த மீன் இங்கும் பிழைத்துக்கொண்டது. ட்ரவுட் பிழைக்கும் நீரில் முதலை பிழைக்காது. இலங்கையின் முதலைகள் தாழ்நிலத்துப் பிராணிகள். மலையகத்துக்கு அவை ஏறுவதில்லை. ஆகவே மலையகத்துப் பிள்ளைக்கு நீர்நிலையைக் கண்டு அஞ்சும் பழக்கம் வீட்டில் யாரும் சொல்லித் தந்து வருவதில்லை. வழுக்குப் பாறை, திடீர் வெள்ளம், அட்டை: அவன் அறிந்த ஆபத்துகள் இவ்வளவே.

பத்திரிகை அலுவலகத்தில் செய்தி மேசையில் அமர்ந்திருந்த நீண்ட காலத்தில், 'நீராடச் சென்ற இளைஞர் பலி' என்ற தலைப்பு மாதந்தவறாமல் வந்துபோகும். நான்கு வரிச் செய்தி. ஊர், வயது, பொலிஸ் விசாரணை, முடிந்தது. அவ்விளைஞர் எங்கிருந்து வந்தவர், அந்த நீரைப் பற்றி அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்று எந்தச் செய்தியும் கேட்பதில்லை. அச்செய்திகளில் மலையகப் பெயர்கள் அடிக்கடி தென்படும். சுற்றுலா வந்தவர்கள், கடைகளில் வேலைக்கு வந்தவர்கள், யாத்திரை வந்தவர்கள். குளிர்ந்த ஓடுநீரில் வளர்ந்தவர்கள் வெதுவெதுப்பான நிற்கும் நீரில் இறங்குகிறார்கள். இது இன்று நேற்று நடப்பதல்ல. மலையகத் தமிழரின் வரலாறே இந்த இரண்டு தண்ணீருக்கும் இடையில் நடந்த பயணம்தான் என்று சொன்னால் அது மிகையாகத் தோன்றலாம். ஆனால் முதற்பயணத்தின் வழியை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் தோன்றாது.

அந்த முதற்பயணம் 'கண்டிச் சீமை' நோக்கியது. 1830களிலிருந்து காப்பித் தோட்டங்களுக்காகத் திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து புறப்பட்டவர்கள் பாக்குநீரிணையைத் தோணியில் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து நடை. மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல். வடக்குப் பாதை என்று ஆங்கிலேயர் அதை அழைத்தனர். வழி முழுவதும் வறண்ட காடு. குடிநீருக்கும் குளிப்புக்கும் இருந்தவை பண்டைய அரசர்கள் கட்டிவைத்த குளங்கள் மட்டுமே. அவற்றுள் பெரும்பாலானவை அக்காலத்தில் கரை உடைந்து, தூர்ந்து, பாசி படர்ந்து கிடந்தன. மன்னாரை விட்டுச் சற்றுத் தூரத்திலேயே எதிர்ப்படும் கட்டுக்கரைக்குளம்கூட அந்நாளில் பழுதடைந்த நிலையில்தான் இருந்தது. கலாவெவ 1887இல்தான் மீண்டும் நீர் நிறைந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காப்பிப் பழம் பறிக்கும் பருவம் ஆண்டின் பிற்பகுதி. அதற்குள் மலைக்குப் போய்ச் சேர வேண்டுமானால் வன்னியையும் வடமத்தியையும் கோடையில் கடக்க வேண்டும். வடகீழ்ப் பருவமழை ஐப்பசிக்குப் பிறகுதான் வரும். அதாவது, குளங்கள் மிகச் சுருங்கி, நீர் மிகச் சூடாகி, மனிதரும் மாடும் காட்டு விலங்கும் முதலையும் எஞ்சியிருக்கும் ஒரே குட்டையைப் பங்கிட்டுக்கொள்ளும் மாதங்களில் அந்த மக்கள் நடந்தார்கள். பட்டினியோடு, கைக்குழந்தைகளோடு, கங்காணி வாங்கித் தந்த முன்பணக் கடனோடு.

எத்தனை பேர் இறந்தார்கள்? 1840களில் மட்டும் 70,000 பேர், அதாவது வந்தவர்களில் நால்வரில் ஒருவர், வழியிலும் தோட்டத்திலுமாக மடிந்தனர் என்ற மதிப்பீடு அந்தப் பத்தாண்டின் இறுதியிலேயே முன்வைக்கப்பட்டது. திரும்பிப் போனவர்களின் கணக்கு ஒழுங்காக எடுக்கப்படவில்லை என்று காட்டி அந்த எண்ணை ஐயுறும் ஆய்வாளர்களும் உளர். ஐயுறுவதில் நியாயமுண்டு. ஆனால் அதில் பாதியை எடுத்துக்கொண்டாலும் அது ஒரு சிறிய போரின் சாவுக் கணக்கு. கொன்றவற்றுள் முதலிடம் வாந்திபேதிக்கு. அடுத்து வயிற்றோட்டம், காய்ச்சல்.

வாந்திபேதி எவ்வாறு பரவுகிறது என்பது அந்த மக்கள் நடந்த காலத்தில் அரசாங்கத்துக்கே தெரியாது. கெட்ட காற்று என்று நம்பிய மருத்துவர்கள் நிறையப் பேர். 1884இல் ஜெர்மானிய அறிஞர் ரொபேர்ட் கொக் கல்கத்தாவில் ஆராய்ந்தபோது, நோய் கண்டிருந்த ஒரு குடியிருப்பின் குளத்து நீரிலேயே அந்தக் கிருமியைக் கண்டார். கரையைச் சுற்றிக் குடிசைகள். அதே குளத்தில் குளிப்பு, அதே குளத்தில் நோயாளியின் துணி துவைப்பு, அதே குளத்திலிருந்து குடிநீர். கொக் கல்கத்தாவில் கண்ட காட்சியை வடக்குப் பாதையின் ஒவ்வொரு தங்குமிடத்திலும் காண முடிந்திருக்கும். நூறு பேர் கொண்ட ஒரு கூட்டம் மாலையில் ஒரு குளக்கரையில் இறங்கும், புழுதி போகக் குளிக்கும், அதே நீரில் கஞ்சி காய்ச்சும், மறுநாள் நகரும். அடுத்த நாள் அடுத்த கூட்டம் அதே கரைக்கு வரும்.

அரசாங்கம் செய்தது என்ன? தங்குமடங்கள் கட்டியது, சில இடங்களில் கிணறு தோண்டியது, மருத்துவமனைகள் அமைத்தது. எல்லாம் மெதுவாக. நோய் பாதையோரச் சிங்களக் கிராமங்களுக்கும் பரவியதால் எழுந்த முறைப்பாடுகள்தாம் கூலிகளின் சாவைவிட அதிகாரிகளை அதிகம் அசைத்தன என்பது என் எண்ணம். இறுதியில் 1899இல் வடக்குப் பாதை குடிபெயர்வோருக்கு மூடப்பட்டது. தூத்துக்குடியிலிருந்து கப்பலில் கொழும்பு, அங்கிருந்து இராகமை முகாம். பின்னர் மண்டபம் முகாம். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் இரயிலும் இணைந்த சேவை. குளக்கரைத் தங்கல்கள் அத்தோடு முடிந்தன. அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்தவர்களின் எலும்புகள் எந்தெந்தக் கரைகளில் கிடக்கின்றன என்பதற்கு ஒரு நடுகல்கூட நடப்படவில்லை.

பாதை மூடப்பட்டாலும் தோட்டத்து மக்கள் சூடான தாழ்நிலத்து நீருக்கு இறங்குவது நிற்கவில்லை. கதிர்காமம் அவர்களை அழைத்தது. ஆடி மாதத்தில் மாணிக்க கங்கையில் மூழ்கி எழுவது அவர்களுக்கு வேண்டுதல். அந்தப் பெருங்கூட்டமும் வாந்திபேதியும் சேர்ந்தே பயணம் செய்ததால் 1870களில் அரசாங்கம் யாத்திரைக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. பிற்காலத்தில் இங்கிலாந்தில் எழுத்தாளராக அறியப்பட்ட லெனார்ட் வுல்ஃப், 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது, இந்த யாத்திரையை மேற்பார்வை செய்வதும் அவர் கடமைகளுள் ஒன்று. வர்ஜினியா வுல்ஃபின் கணவர் என்றே இலக்கிய உலகம் அவரை நினைக்கிறது. நம்மவர்களின் குளிப்பையும் குடிநீரையும் நோயையும் கவனிக்க வேண்டியிருந்த ஓர் இளம் அதிகாரியாகவும் அவரை நினைத்துப் பார்க்கலாம்.

இனி முதலைக்கு வருவோம். தமிழனுக்கு முதலை புதிதல்ல. முதலை, இடங்கர், கராம் என்று மூன்று பெயர்களைக் குறிஞ்சிப்பாட்டு ஒரே இடத்தில் அடுக்குகிறது. அவை மூன்று வேறு இனங்கள் என்பதே பொதுவான கருத்து. அவிநாசியில் குளிக்கப் போன இரண்டு சிறுவருள் ஒருவனை முதலை விழுங்கியதும், ஆண்டுகள் கழித்துச் சுந்தரர் பதிகம் பாடி அவனை மீட்டதும் சைவர் அறிந்த கதை. அதிசயத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அக்கதையில் எஞ்சுவது ஒரு மெய்யான சமூகச் செய்தி: கொங்கு நாட்டுக் குளத்தில் முதலை இருந்தது, பிள்ளைகள் அங்கேதான் குளித்தார்கள், அவர்களுள் சிலர் திரும்பவில்லை. தமிழ்நாட்டுச் சமவெளியில் இருந்து வந்த அந்தக் கூலிகளின் முன்னோர் இந்த அறிவை வைத்திருந்தார்கள். குளத்தில் எந்தத் துறையில் இறங்கலாம், எதில் இறங்கக் கூடாது என்பது ஊர்ப் பெரியவர்களின் சொத்து. மலையில் நான்கு தலைமுறை வாழ்ந்ததில் அது மறந்துபோயிற்று. மறந்தது குற்றமல்ல, பீலியடியில் அதற்கு வேலையில்லை.

கூலிகள் நடந்த அதே காலத்தில், 1845 முதல் 1850 வரை, இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்தவர் எமர்சன் டெனன்ட். அவர் எழுதிய நூல்களில் குளத்து முதலைகளைப் பற்றி விரிவாகச் சொல்கிறார். கோடையில் குளம் வற்றும்போது முதலை சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். மேலே களிமண் வெடித்துக் காய்ந்திருக்கும். மழை வந்தால் எழுந்து வரும். வற்றிய குளத்தின் படுகையில் கூடாரம் அடித்த நில அளவை அதிகாரி ஒருவருக்கு இரவில் கட்டிலுக்கு அடியில் தரை அசைவது போலிருந்ததாம். மறுநாள் அங்கிருந்து ஒரு முதலை வெளிப்பட்டதாம். தமக்குச் சொல்லப்பட்ட கதையாகவே டெனன்ட் இதை எழுதுகிறார். சேற்று முதலையின் இயல்புக்கு அது ஒத்துவருகிறது. தங்குமடம் நிரம்பி வழிந்த நாட்களில் வற்றிய குளப்படுகையில் படுத்துறங்கிய கூலிகளுக்கு என்ன நேர்ந்தது என்று எழுத அவர்கள் பக்கத்தில் ஒரு டெனன்ட் இல்லை.

இலங்கையில் இரண்டு இனங்கள் உண்டு. குளங்களில் வாழ்வது சேற்று முதலை. ஆற்று முகத்துவாரங்களிலும் களப்புகளிலும் மிகுதியாக இருப்பது உவர்நீர் முதலை. இரண்டாவதே பெரியது, அஞ்சத் தக்கது. ஆனால் சேற்று முதலையைச் சாது என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டும் பதுங்கியிருந்து பிடிப்பவை. விலங்குகள் நீர் அருந்த வரும் துறைகள் அவற்றுக்குப் பழக்கம். நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் மனிதர் இறங்கினால், அது முதலைக்கு அனுப்பிய அழைப்பு. அந்திக் கருக்கலும் இரவும் அவற்றின் வேட்டைப் பொழுது. மாத்தறையில் நில்வளா கங்கையோரத்து மக்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். துறையைச் சுற்றி நீருக்குள் மரக்கம்புகளாலோ இரும்புக் கம்பிகளாலோ வேலி அடைத்து, அந்தக் கூட்டுக்குள் நின்று குளிப்பார்கள். மிருகக்காட்சிச் சாலையில் கூட்டுக்குள் முதலை இருக்கும். இங்கே கூட்டுக்குள் மனிதர். ஆற்றை முதலைக்கே விட்டுக்கொடுத்து, தமக்கு நான்கு முழ இடத்தை மட்டும் கேட்டுப் பெற்ற அந்த ஏற்பாட்டில் நான் காணும் பண்பாடு பெரியது.

மலையக மக்கள் மறந்த அறிவு மீண்டும் தேவைப்பட்ட காலம் 1970களில் வந்தது. அந்தப் பத்தாண்டின் நடுவில் தோட்டங்களில் பஞ்சம். 1977இல் இனவன்செயல். 1983இல் அதைவிடக் கொடியது. நுவரெலியா, கண்டி, மாத்தளை மாவட்டங்களின் தோட்டங்களை விட்டு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளுக்கு ஓடின. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட், மருத்துவர் இராஜசுந்தரம் ஆகியோர் முன்னின்று நடத்திய காந்தியம் அமைப்பு அவர்களைக் குடியமர்த்த உழைத்தது. இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார் என்பது வேறொரு நீண்ட துயரக் கதை.

அவர்கள் போய் இறங்கிய இடம் எது என்று பாருங்கள். பாட்டனின் பாட்டன் தோணியிலிருந்து இறங்கி நடந்த அதே குளநாடு. தேயிலை மலையின் குளிரில் கம்பளிக்குள் வளர்ந்தவர்கள், வெயில் கொதிக்கும் களிமண் தரையில், ஒரு குளத்தின் அலைகரையில் குடிசை போட்டார்கள். நீருக்குப் பீலி இல்லை, குளம்தான். மலேரியா அவர்களை வாட்டியது. மலையில் மலேரியாவைப் பெரிதும் அறியாதிருந்த உடல்களுக்கு அது கடுமையாக இருந்தது. (மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது 2016இல்.) குளத்தில் எங்கே ஆழம், எந்த மடுவில் முதலை, தாமரைக் கொடி காலைப் பின்னினால் என்ன செய்வது என்பதையெல்லாம் அயலிலிருந்த வன்னி விவசாயிகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். கேட்க முடியாதவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். வன்னியில் குடியேறிய மலையகத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் காணியுரிமையையும் இராணுவத்தையும் பற்றி எழுதுகிறார்கள், எழுத வேண்டியதுதான். குளத்தோடு அவர்கள் பழகிய கதையையும் யாரேனும் முதியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும்.

சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின் கீழ் இந்தியா சென்றவர்களின் கதை நேர்மாறானது. அவர்களுள் பலர் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனதால் தண்ணீர் அளவிலாவது பழைய குளிர் கிடைத்தது.

முதலை கண்ணுக்குத் தெரியும். வெதுவெதுப்பான நன்னீரின் மற்ற ஆபத்துகள் தெரியா. அவற்றுள் ஒன்றுக்கும் தேயிலைக்கும் ஒரு விநோதமான தொடர்பு உண்டு. 1927இல் இலங்கையில் முதன்முதலாக மெலியோய்டோசிஸ் என்ற நோய் பதிவானது. அதற்கு ஆளானவர் ஐரோப்பியர் ஒருவர். தொழில் தேயிலைத் தரகு. சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு நுண்ணுயிர் தோலின் கீறல் வழியாகவோ மூச்சு வழியாகவோ உட்புகுந்து, நுரையீரலிலும் ஈரலிலும் சீழ்க்கட்டிகளை உண்டாக்கும். காசநோய் போலவும் சாதாரண இரத்த நச்சு போலவும் வேடமிடும். நீரிழிவு உள்ளவர்களை அது விரும்பித் தேடும். 1927க்குப் பிறகு இலங்கையில் அது ஏறத்தாழ மறக்கப்பட்டது. நோய் இல்லாததால் அல்ல, தேடுவார் இல்லாததால். இந்த நூற்றாண்டில் ஆய்வுகூடங்கள் தேடத் தொடங்கியதும் நாட்டின் பல பகுதிகளிலும் அது வெளிப்பட்டது.

இந்நோயை முதலில் கண்டறிந்தவர்கள் இருவர். இடம் இரங்கூன் மருத்துவமனை, ஆண்டு 1911. ஒருவர் அல்ஃபிரட் விற்மோர். அவருடன் பணியாற்றியவர் சி. எஸ். கிருஷ்ணசாமி. 1912இல் வெளிவந்த கட்டுரையில் இரண்டு பெயர்களும் உள்ளன. பெயரைக் கொண்டு கிருஷ்ணசாமி தென்னிந்தியர் என ஊகிக்கலாம். ஆனால் பாடநூல்களில் அது விற்மோர் நோய் மட்டுமே. கிருஷ்ணசாமி நோய் என்று யாரும் சொல்வதில்லை. பத்திரிகைக்காரனுக்கு இது பழகிய காட்சி: செய்தி திரட்டியவர் ஒருவர், பெயர் போட்டுக்கொண்டவர் இன்னொருவர்.

எலிக்காய்ச்சல் இதைவிடப் பரவலானது. எலி, மாடு முதலியவற்றின் சிறுநீரோடு வெளியேறும் கிருமி ஈரமண்ணிலும் நன்னீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். காலின் சிறு வெடிப்பு, கண், மூக்கு எதன் வழியாகவும் நுழையும். வயல் நோய் என்றே நம் நாட்டில் அதை எண்ணுகிறோம். வயலில் இறங்காதவர்களையும் அது குளத்தில், வாய்க்காலில், வெள்ளத்தில் பிடிக்கும். 2008இல் இலங்கையில் 7,000க்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு உள்ளானதாகச் சந்தேகிக்கப்பட்டது. 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். குளித்துவிட்டு வந்த ஓரிரு வாரங்களில் கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் தசை வலி, கண் சிவப்பு என்று வந்தால், 'தண்ணீரில் இறங்கினேன்' என்ற ஒரு வாக்கியத்தை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தொடக்கத்திலேயே கொடுத்தால் சாதாரண நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளே போதும். தாமதித்தால் சிறுநீரகம் போய்விடும். அந்த வாக்கியம் நோயாளிக்கு நினைவு வராமையாலேயே பறிபோன உயிர்கள் உண்டு.

மூன்றாவது, எல்லோரையும் அச்சுறுத்தும் மூளையுண்ணி அமீபா. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நிகழ்ந்த மரணங்களை ஆராய்ந்து 1965இல் அதை வெளிப்படுத்தியவர்களுள் ஒருவரான மல்கம் ஃபௌலரின் பெயரால் நெக்லேரியா ஃபௌலரி என அழைக்கப்படுகிறது. சூடு அதற்கு உயிர். 40 பாகை செல்சியஸைக் கடந்த நீரிலும் செழிக்கும். குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கினுள் நீர் வேகமாக ஏறினால் மட்டும், மணத்தை மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்பைப் பற்றிக்கொண்டு மேலேறி மூளையைத் தாக்கும். கரணமடித்துக் குதிக்கும் சிறுவர்களும், அடிச்சேற்றைக் கலக்கி விளையாடுவோரும், சுத்திகரிக்காத நீரால் மூக்கைக் கழுவுவோரும் இதற்கு இலக்கு. சில நாட்களில் தலைவலி, காய்ச்சல், வாந்தி; பிறகு ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் சாவு. அமெரிக்காவில் பதிவானவர்களுள் 100க்கு 97 பேருக்கு மேல் இறந்துள்ளனர். பாகிஸ்தானின் கராச்சியில் நீச்சலே தெரியாதவர்களும் இதனால் இறந்திருக்கிறார்கள். அங்கு வழி, குழாய்நீரால் மூக்கைக் கழுவும் வழக்கம்.

நமக்கு மிக அருகில் கேரளம். 2016இல் ஆலப்புழையில் முதல் நோயாளி. 2024இல் கோழிக்கோடு, மலப்புறம் பக்கங்களில் குளத்திலும் ஆற்றிலும் குளித்த பிள்ளைகள் அடுத்தடுத்து மடிந்தனர். அவ்வாண்டு ஜூலையில் ஒரு சிறுவன் உயிர்பிழைத்தான். உலகில் இந்நோயிலிருந்து மீண்டவர்கள் மிகச் சிலரே என்பதால் அது பெரிய செய்தி. தந்தை விழிப்புணர்வுச் செய்தியைப் படித்திருந்ததால், மகன் குளத்தில் குளித்ததை மருத்துவரிடம் உடனே சொன்னதாகச் செய்திகள் கூறின. 2025 செப்டெம்பருக்குள் மட்டும் அம்மாநிலத்தில் 60க்கும் மேற்பட்டோர் அமீபா மூளைக்காய்ச்சலுக்கு ஆளாயினர். கிணறுகளுக்கும் தொட்டிகளுக்கும் குளோரின் இடும் இயக்கத்தை அரசு தொடங்கியது. அவர்கள் எல்லோரும் குளத்தில் குளித்தவர்கள் அல்லர். அகந்தமீபா போன்ற வேறு அமீபாக்களும் அதில் உண்டு. கேரளத்தில் நோய் திடீரெனப் பெருகிவிட்டதா, அல்லது காரணம் அறியாத மூளைக்காய்ச்சல் ஒவ்வொன்றையும் சோதிக்கத் தொடங்கியதால் முன்பு மறைந்திருந்தது வெளிச்சத்துக்கு வந்ததா என்ற கேள்வி அங்கேயே எழுந்தது. 1927க்குப் பிந்திய இலங்கையின் மெலியோய்டோசிஸ் கதையை அறிந்தவர்கள் இரண்டாவது விடைக்கும் இடம் கொடுப்பார்கள்.

இதையெல்லாம் சொல்லிக் குளத்தில் இறங்காதே என்று யாரையும் தடுக்க நான் விரும்பவில்லை. கோடிக்கணக்கானோர் நாள்தோறும் குளத்தில் குளிக்கிறார்கள். அமீபாவால் இறப்பவர்களைவிட நீரில் மூழ்கி இறப்பவர்கள் எத்தனையோ மடங்கு அதிகம். மூக்கை மூடிக்கொண்டு மூழ்குவது, கோடை வற்றலில் கலங்கிய குட்டையைத் தவிர்ப்பது, காயத்தோடு இறங்காதிருப்பது, இருட்டிய பின் கரையை விட்டு விலகுவது, எல்லாவற்றுக்கும் முன் ஊர்க்காரரிடம் கேட்பது: நம் பாட்டிமார் சொன்னவற்றோடு மருத்துவம் ஒன்றிரண்டைத்தான் புதிதாகச் சேர்த்திருக்கிறது.

மலையகத்திலும் இன்று பீலி மட்டும் இல்லை. 1960களில் காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை, 1985இல் கொத்மலை, 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலை. வரிசையாக நீர்த்தேக்கங்கள் எழுந்தன. அவை குளங்களைப் போல் தோன்றும், குளங்கள் அல்ல. குளத்தின் அடி மெல்லச் சரியும். நீர்த்தேக்கமோ மூழ்கிய பள்ளத்தாக்கு. இரண்டு அடி வைத்தால் இடுப்பு, மூன்றாவது அடியில் பாதாளம். மவுஸ்ஸாக்கலையில் நீர் வற்றும் ஆண்டுகளில் பழைய மஸ்கெலியா நகரின் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றிலிருந்து எழுந்து நிற்பதைப் பார்க்கக் கூட்டம் போகிறது. அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர், நீர் நிறைந்த நாளில் தாம் நீந்துவது அந்தக் கூரைகளுக்கு மேல் என்று எண்ணிப் பார்க்கிறார்களோ தெரியவில்லை.

தேயிலைக்கும் மரக்கறிக்கும் இடும் உரம் மழையோடு ஓடைக்கு வருகிறது. 1990களின் தொடக்கத்தில் கொத்மலை நீர்த்தேக்கத்தில் நீலப்பச்சைப் பாசி பெருகியபோது அறிவியலாளர்கள் கவனித்தது இந்த உரச்சத்தைத்தான். இவ்வகைப் பாசிகளுள் சில ஈரலைத் தாக்கும் நச்சைச் சுரப்பவை. பச்சை வண்ணம் கரைத்துவிட்டது போல் நீர் தோன்றினால் மாட்டையும் இறக்கக் கூடாது. அக்கரப்பத்தனையின் பாத்திகளில் கொட்டிய உரமும் அந்த நீரோடு கீழே போகிறது.

நீர் அங்கும் நிற்பதில்லை. 1976 முதல் பொல்கொல்லையில் மகாவலியின் ஒரு பகுதி வடக்கே திருப்பப்படுகிறது. சுரங்கம் வழியாகச் சுது கங்கைக்கும், போவத்தன்ன வழியாகக் கலாவெவக்கும், அநுராதபுரத்துக் குளங்களுக்கும் அது போகிறது. அவற்றுள் சில, மாத்தளை நோக்கி நடந்த கூட்டங்கள் கடந்துபோன நாட்டில் உள்ளவை. அக்கர ஓயாவில் ட்ரவுட் மீனுக்குப் போதுமான குளிரோடு புறப்பட்ட தண்ணீர், அங்கே போய்ச் சேரும்போது வெதுவெதுப்பாகி, அகன்று, அசையாமல் கிடக்கிறது. கரையில் வெயில் காயும் சேற்று முதலைகளை வீதியிலிருந்தே பார்க்கலாம்.